கை கால் பலம் குறைந்தால் அது எம்.என்.டி-யா? கம்பம், குமுளி பகுதிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி பக்கத்திலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்திலிருந்தும் வருகிற தமிழ்க் குடும்பங்கள் நரம்பு ஓ.பி.யில் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், திராட்சை, வாழை போடுகிறவர்கள்தான் இவர்களில் அதிகம். 'மோட்டார் நியூரான் நோய்', சுருக்கமாக எம்.என்.டி (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் செத்துப்போகும் நோய்), என்ற பெயரை மொபைலில் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வருகிற பலருக்கு இருப்பது வேறு ஏதோ, அதுவும் சரிசெய்யக் கூடியது. உண்மையிலேயே எம்.என்.டி வந்தவரோ எலும்புத் தேய்மானம் என்று ஒரு வருடம் சுற்றிவிட்டு வருகிறார். இந்த இரண்டும் குறைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"உடம்புல பலமே இல்ல டாக்டர்" என்று சொன்னால், ஏன் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்கிறீர்கள்?

அசதி வேறு, பலம் குறைவது வேறு என்பதால்தான். ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு இருந்தால் எல்லா வேலையும் செய்ய முடியும், ஆனால் செய்யத் தோன்றாது, செய்தால் களைக்கும். நரம்பிலோ தசையிலோ கோளாறு என்றால் நேற்றுவரை செய்த ஒரு குறிப்பிட்ட வேலை இன்று முடியாமல் போகும்.

அதனால் வேலையைச் சொல்லுங்கள், அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஜீப் பின்படியில் ஏற யாராவது தூக்கிவிட வேண்டியிருக்கிறதா, தலை பின்னக் கையை உயர்த்த முடியவில்லையா? அப்படியானால் இடுப்பு, தோள் பக்கத்துப் பெரிய தசைகள். ஏலப்பழத்தைக் கிள்ளும்போது கட்டைவிரல் நழுவுகிறதா, பூட்டில் சாவி திருப்ப முடியவில்லையா? உள்ளங்கைச் சிறு தசைகள், அவற்றுக்கு வரும் நரம்புகள். செருப்பு கழன்று விழுகிறதா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள், ஆனால் அது முக்கியமான கேள்வி. கழன்றதே தெரியாமல் நாலு எட்டு நடந்துவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, பெரும்பாலும் சர்க்கரை நோயில். கழல்வது நன்றாகத் தெரிகிறது, ஆனால் பாதத்தைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்றால் அது பலக்குறைவு.

கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரியாறு தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியே இறங்கி, லோயர் கேம்ப் தாண்டி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்கு வருகிறது. வயல் காய்ந்தால் வயலையே பார்த்துக்கொண்டு நின்றால் ஆகாது, எந்த இடத்தில் அடைப்பு என்று மேலிருந்து தேட வேண்டும். தசைக்கு வரும் கட்டளையும் அதே மாதிரிதான்: மூளை, தண்டுவடம், தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் இயக்க நரம்பு செல், அங்கிருந்து கிளம்பும் நரம்பு, நரம்பும் தசையும் சேரும் இடம், கடைசியில் தசை.

ஒவ்வொரு இடமும் தனக்கென ஓர் அடையாளம் காட்டும். மூளையிலோ தண்டுவடத்திலோ தடை என்றால் கால் விறைக்கும், முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கிப் போகும். நரம்பு செல்லோ நரம்போ கெட்டால் தசை மெலியும், தளரும், சுத்தியலுக்குப் பதில் இருக்காது. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு என்றால் வேலை செய்யச் செய்யப் பலம் இறங்கும், ஓய்வெடுத்தால் ஏறும். தசையிலேயே நோய் என்றால் தொடையும் தோளும் முதலில் விழும், உணர்ச்சி கெடாது.

இதனால்தான் ஸ்கேன் எடுப்பதற்கு முன் ஒரு மருத்துவர் கையால் தொட்டு, தட்டி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காத இடத்தில் மூன்று எம்.ஆர்.ஐ எடுத்தும் பயனில்லை.

எதற்கு நாள் பார்க்காமல் உடனே ஓட வேண்டும்?

ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், மலையிலிருந்து இறங்கவே அதில் பெரும்பகுதி போய்விடும். 108 இரண்டு மாநிலத்திலும் வரும், சி.டி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகு பாதத்தில் மரமரப்பு ஆரம்பித்து, நாலைந்து நாளில் பலக்குறைவு கால், இடுப்பு, கை என்று மேலே ஏறினால் அது கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். நடக்க முடிகிறதே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், அது மூச்சுத் தசையைத் தொடும். இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலானவர்கள் மறுபடி நடக்கிறார்கள்.

இரவு தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தூக்க முடியாமல், விழுங்க முடியாமல் தவித்தால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அதன் கடி வலிக்காது, பல் பட்ட இடமும் தெரியாமல் போகலாம். விஷமுறிவு மருந்தும் செயற்கை மூச்சும் இருக்கும் இடத்துக்கு உடனே போக வேண்டும்.

இரண்டு காலும் பலம் இழந்து, கூடவே சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். முதுகெலும்புக் காசநோயில் இது நடக்கும். காலம் கடந்தால் அறுவை செய்தும் கால் திரும்பாது.

தோட்டத்துல மருந்தடிக்கிறவருக்கு இந்த நோய் வருமா?

மலைக்கு வேலைக்குப் போகும் வீடுகளில் இருந்து அதிகம் வரும் கேள்வி இது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏலத்துக்குத் தெளிக்கும் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பேட் வகை. இவை நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கும். உடம்பில் அதிகம் ஏறினால் அன்றே வியர்வை, எச்சில் வழிதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, சதை துடிப்பது, மூச்சு இரைப்பது வரும். இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாதது இரண்டாவது கட்டம். சிகிச்சையில் ஆள் தெளிந்து, பேசிச் சிரித்து, கஞ்சி குடித்த பிறகு, ஒன்று முதல் நான்கு நாளுக்குள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போகும், பிறகு மூச்சு தளரும். 1987-ல் இலங்கை மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். அதனால் "ஆள் நல்லாத்தான் இருக்காரு" என்று இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டி வராதீர்கள். கழுத்தைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கட்டமும் உண்டு. சில வகை மருந்துகளில், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கெண்டைக்காலில் வலி, பாதத்தில் எரிச்சல், பிறகு பாதம் தொங்குவது. அப்போது யாரும் பழைய விஷத்தை நினைப்பதில்லை. நீங்களே நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

இவற்றில் எதுவும் எம்.என்.டி அல்ல. பூச்சிமருந்தோடு நெடுங்காலம் பழகியவர்களுக்கு எம்.என்.டி வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்லும் அளவுக்கு நிரூபணம் இல்லை. இருந்தாலும் மருந்தில் கவனம் வேண்டும். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். முதுகில் கட்டும் டேங்க் ஒழுகினால், நனைந்த சட்டையோடு சாயங்காலம்வரை நிற்காதீர்கள், மருந்து தோல் வழியாகவே உள்ளே போகும். ஒரு வரிசையில் ஆண்கள் மருந்தடிக்க, அடுத்த வரிசையில் பெண்கள் பழம் எடுப்பது நிற்க வேண்டும். இதைக் கேட்கும் உரிமை வேலை செய்கிறவர்களுக்கு உண்டு, கொடுக்கும் பொறுப்பு தோட்டக்காரர்களுக்கு உண்டு.

கையில சதை தானா துடிக்குது. யூடியூப்ல இது எம்.என்.டி-ன்னு போட்டிருக்கான்.

பலம் குறையாமல், தசை மெலியாமல், வெறும் துடிப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணிமை, கெண்டைக்கால் துடிப்பது தூக்கம் கெட்டவர், கட்டன்சாயா, காபி அதிகம் குடிப்பவர், கவலையில் இருப்பவர் எல்லோருக்கும் வரும். எம்.என்.டி-யில் துடிப்போடு பலக்குறைவும் மெலிவும் சேர்ந்தே இருக்கும். ஒரு தடவை மருத்துவரிடம் காட்டிவிட்டு, வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள்.

மகனுக்கு 19 வயசு. வலது கை மட்டும் மெலியுது, காலைக் குளிர்ல விரல் நீட்ட வரல. இது அந்த நோயா?

பெரும்பாலும் இல்லை. இந்த வயதில், ஆண் பிள்ளைக்கு, ஒரு கையில் உள்ளங்கையும் முன்கையும் மெலிந்து, குளிரில் விரல்கள் இன்னும் மக்கர் செய்தால் முதலில் நினைக்க வேண்டியது ஹிராயாமா நோய். ஜப்பானில் 1959-ல் முதலில் விவரிக்கப்பட்டது, இந்தியாவிலும் நிறையப் பேருக்கு இருக்கிறது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னால் நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது, அதில் கைக்குப் போகும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன.

எம்.ஆர்.ஐ-யைச் சாதாரணமாக நிமிர்ந்து படுத்து எடுத்தால் இது தெரியாமல் போகலாம். கழுத்தைக் குனிய வைத்தும் எடுக்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு முறை ஸ்கேன் காசு கட்டியவர்கள் இருக்கிறார்கள். நோய் சில ஆண்டுகள் முன்னேறிப் பிறகு பெரும்பாலும் தானே நின்றுவிடும். அதுவரை கழுத்துப்பட்டை போட்டுக் குனிவதைக் குறைத்தால் இழப்பைக் குறைக்கலாம். சிலருக்கு அறுவை தேவைப்படும். போன தசை முழுதாகத் திரும்பாது, அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறோம். உயிருக்கு ஆபத்தில்லை.

இளம் வயதுக்காரர்களிடம் இன்னொன்றும் கேட்பேன்: காது கேட்கிறதா? 1970-ல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள், இளைஞர்களுக்கு வரும் தனி வகை ஒன்றை விவரித்தார்கள். மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே உலகம் அதை அழைக்கிறது. கை கால் மெலிவு, முகம், நாக்கு தளர்வு, கூடவே காது மந்தம். பெரும்பாலும் தென்னிந்தியாவிலேயே காணப்படுகிறது. பெயரில் எம்.என்.டி இருந்தாலும் மிக மெதுவாகப் போகும், பல்லாண்டுகள் வாழ்கிறார்கள். காதைச் சோதிக்காமல் இந்த வகையை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சாயங்காலம் ஆனா கண்ணு சொருகுது, ரெண்டு ரெண்டா தெரியுது, சாப்பிடச் சாப்பிடத் தாடை ஓயுது. காலையில நல்லாத்தான் இருக்கேன்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய்க்கு ஏறக்குறைய இதுவே இலக்கணம். நரம்பும் தசையும் சேரும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. ரத்தப் பரிசோதனை உண்டு, நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பியைப் பார்க்க சி.டி எடுக்க வேண்டும். பைரிடோஸ்டிக்மின் மாத்திரையிலும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்திலும் நன்றாகவே இருக்கலாம். சாயங்காலம் கண் சொருகும்போது மொபைலில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், ஓ.பி.க்குக் காலையில் வரும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

சில ஆன்டிபயாடிக் இந்த நோயைத் திடீரென்று கூட்டிவிடும், மூச்சே நிற்கலாம். காய்ச்சல், சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி பரோட்டாவை ஒரு கட்டு கட்டிட்டுப் படுத்தான், காலையில கால் ரெண்டும் வரல. ஆஸ்பத்திரியில ஒரு பாட்டில் ஏத்தினதும் நடந்துட்டான்.

ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கும். கடும் வேலை, அதிக மாவுச்சத்து, அதற்கு மேல் தூக்கம் என்று சேர்ந்தால் சிலருக்கு இப்படி வரும். பாட்டிலோடு விஷயம் முடியவில்லை. ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும், தைராய்டு அதிகமா, சிறுநீரகம் வழியாகப் போகிறதா என்று. காரணத்தைப் பிடித்தால் அடுத்த தடவை வருவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

கழுத்து எலும்பு தேய்மானம்னு சொல்லி ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?

ஐம்பது தாண்டியவர் யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும் தேய்மானம் தெரியும், தலைச்சுமை தூக்கியவருக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் ஸ்கேனில் தேய்மானம் இருப்பது வேறு, பலக்குறைவுக்கு அதுதான் காரணம் என்பது வேறு. தண்டுவடம் உண்மையிலேயே நசுங்கிக் கால் விறைத்திருந்தால் அறுவைதான் சரி, தள்ளிப்போடவே கூடாது. ஆனால் நாக்கு மெலிந்து துடித்தாலோ, பேச்சு குழறினாலோ, கையும் காலும் சேர்ந்து மெலிந்து மரமரப்பு மட்டும் கொஞ்சமும் இல்லாமல் இருந்தாலோ, கத்தி வைப்பதற்கு முன் ஒரு நரம்பு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். கழுத்தில் இருக்கும் தேய்மானம் நாக்கை மெலிய வைக்காது. எம்.என்.டி-யைத் தேய்மானம் என்று நினைத்து அறுவை செய்த குடும்பங்கள் கடனோடும் ஏமாற்றத்தோடும் வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கப்பா தின்னா கால் விழுமா?

ஆப்பிரிக்காவில், பஞ்ச காலத்தில், கசப்பு மரவள்ளியைச் சரியாக ஊற வைக்காமல், வேறு புரதமே இல்லாமல் வாரக்கணக்கில் தின்றவர்களுக்குக் கால் திடீரென்று விறைத்துப்போகும் கோன்சோ என்ற நோய் வந்தது. நம் வீட்டில் கப்பாவை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, வேகவைத்துத் தண்ணீரை வடித்து, மீன்குழம்போடு சாப்பிடுகிறோம். பயப்பட வேண்டாம். வடித்த தண்ணீரை மட்டும் குழம்புக்கு ஊற்றாதீர்கள்.

சரி, எம்.என்.டி என்றால் என்னதான்?

இயக்க நரம்பு செல்கள், அதாவது மூளையில் இருப்பவையும் தண்டுவடத்தில் இருப்பவையும், காரணம் முழுதாகப் புரியாத வகையில் ஒவ்வொன்றாகச் செத்துப்போவது. அதிகம் காணப்படும் வகை ஏ.எல்.எஸ். பிரான்ஸ் மருத்துவர் ஷார்கோ 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்தார். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல். ஒரு கையிலோ ஒரு காலிலோ, அல்லது பேச்சிலும் விழுங்குவதிலுமோ தொடங்கிப் பக்கத்து இடங்களுக்குப் பரவும். கட்டைவிரல் அடியில் இருக்கும் மேடு, சுண்டுவிரல் பக்கத்தைவிட முதலில் வற்றுவது ஓர் அடையாளம்.

பார்வை, காது, தொடு உணர்ச்சி, சிறுநீர் கட்டுப்பாடு ஆகியவை பெரும்பாலும் கெடுவதில்லை. ஆள் படுக்கையில் கிடந்தாலும் நீங்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கிறது, புரிகிறது. அவர் முன்னால் அவரைப் பற்றி 'அவருக்கு ஒண்ணும் தெரியாது' என்று பேசாதீர்கள். சிலருக்கு யோசிப்பதிலும் நடத்தையிலும் மாற்றம் வரும், நோயாளிகளில் ஒரு சிறு பங்குக்கு மறதிநோய் போலவே ஆகும். காரணமில்லாமல் அழுகையோ சிரிப்போ பொத்துக்கொண்டு வருவதும் நோயின் பகுதிதான். சாவு வீட்டில் சிரித்துவிட்டார் என்று ஒருவரை உறவுக்காரர்கள் ஒதுக்கி வைத்ததுண்டு. அதற்கும் மாத்திரை இருக்கிறது.

இதுக்கு ஒரே ஒரு டெஸ்ட் இல்லையா?

இல்லை. நரம்பில் மின்சாரம் போகும் வேகத்தைப் பார்க்கும் என்.சி.எஸ், தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி, தலையும் கழுத்தும் எம்.ஆர்.ஐ, பிறகு சர்க்கரை, தைராய்டு, பி12, பொட்டாசியம், தசை என்சைம் போன்ற ரத்தப் பரிசோதனைகள். இவற்றில் பாதி, எம்.என்.டி-யைக் கண்டுபிடிக்க; மீதி, அதைப் போலவே வேஷம் போடும் மற்ற நோய்களைத் தள்ளிவிட. குறிப்பாக, இயக்க நரம்பை மட்டும் அங்கங்கே தடுக்கும் ஒரு நோய் இருக்கிறது, மல்ட்டிஃபோக்கல் மோட்டார் நியூரோபதி என்று பெயர். என்.சி.எஸ்-இல் கவனமாகத் தேடினால்தான் தெரியும், இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் பலம் திரும்பும். தொழுநோயும் விரலை மடக்கிவிடும், ஆனால் அதில் தேமலும் மரமரப்பும் இருக்கும், மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். இவை எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் அந்தப் பெயரை உச்சரிக்க வேண்டும். சில நேரம் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். 'டாக்டருக்கே தெரியல' என்று மருத்துவமனை மாற்றாதீர்கள், காத்திருப்பதும் பரிசோதனைதான்.

எத்தனை வருஷம்?

ஏ.எல்.எஸ்-இல் அறிகுறி தொடங்கியதிலிருந்து சராசரியாக மூன்று ஆண்டுகள். பத்தில் ஒருவர் பத்தாண்டு தாண்டுகிறார். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1963-ல் நோய் உறுதியாகி 2018 வரை இருந்தார், ஆனால் அது மிக அபூர்வம், அதைச் சொல்லி நம்பிக்கை கொடுப்பது நியாயமில்லை.

மருந்தே இல்லையா? அந்த 18 கோடி ஊசி?

ரிலுசோல் மாத்திரை 1995 முதல் இருக்கிறது. சில மாதங்கள் ஆயுளைக் கூட்டும், கல்லீரல் பரிசோதனையோடு சாப்பிட வேண்டும். எடரவோன் ஊசி சிலருக்கு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், பலன் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீட்டை அடமானம் வைத்துப் போடத் தேவையில்லை என்பது என் கருத்து. 2023-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட டோஃபர்சன், எஸ்.ஓ.டி1 என்ற மரபணுக் கோளாறு உள்ள மிகச் சிலருக்கு மட்டும்.

2021-ல் கேரளமே சேர்ந்து ஒரு குழந்தைக்குப் பணம் திரட்டியது, ஏறக்குறைய 18 கோடி ரூபாய் மரபணு ஊசிக்கு. அது எஸ்.எம்.ஏ என்ற நோய்க்கு. சின்னக் குழந்தைகளுக்கு, ஒரே ஒரு மரபணு இல்லாததால் வருவது. பெரியவர்களின் எம்.என்.டி-க்கு அந்த ஊசி எந்தப் பலனும் தராது.

ஸ்டெம்செல், அதாவது குருத்தணுச் சிகிச்சைக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்குத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம்செல்லைக் காசு வாங்கிச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆய்வாக நடத்தினால் நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணம் மூச்சுக் கருவிக்கும், இன்வெர்ட்டருக்கும், வீட்டில் ஓர் ஆள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பதற்கும் வேண்டும்.

குமுளியில உழிச்சல், பிழிச்சல் பண்ணினா தேவலையாகும்னு சொல்றாங்க.

மென்மையாக எண்ணெய் தேய்த்தால் விறைத்த காலுக்கு இதமாக இருக்கும், நோய் நிற்காது. இதம் போதும் என்றால் செய்யுங்கள், பலமாக அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். உள்ளுக்குக் கொடுக்கும் பற்பம், செந்தூரம் மட்டும் என்ன உலோகம் என்று தெரியாமல் சாப்பிட வேண்டாம். ஈயம் கலந்திருந்தால் அதுவே மணிக்கட்டைத் தொங்கவிடும் நரம்புக் கோளாறு கொண்டுவரும். அந்த மருந்துச் சீட்டையும் எங்களிடம் காட்டுங்கள், திட்ட மாட்டோம்.

தண்ணி குடிச்சா புரையேறுது. என்ன கொடுக்கலாம்?

வெறும் தண்ணீர்தான் முதலில் புரையேறும், கெட்டியானது பிறகுதான். அதனால் கேழ்வரகுக் கூழ், குழைந்த கஞ்சி, சாம்பாரில் ஊறிய இட்லி, மசித்த கப்பா, நேந்திரம்பழம் வேகவைத்து மசித்தது நல்லது. புட்டு, முறுக்கு, அப்பளம், ரசம் சாதம் ஆகாது. உதிர்வதும், நீரும் பருக்கையும் கலந்ததும்தான் அதிகம் மாட்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். டி.வி-யை அணையுங்கள், அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

எடை குறைய விடாதீர்கள். எடை குறைகிறவர்களுக்கு நோய் வேகமாகப் போகிறது. நெய், தேங்காய்ப்பால், நிலக்கடலை விழுது எதுவானாலும் சேர்க்கலாம். ஒரு வேளை சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, எடை இறங்குகிறது என்றால் வயிற்றில் குழாய் வைப்பது பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது. மூச்சு நன்றாக இருக்கும்போதே வைத்துக்கொள்ள வேண்டும், 'கடைசியில பார்க்கலாம்' என்றால் கடைசியில் அதைத் தாங்கும் மூச்சு இருக்காது.

மூச்சு வாங்குது. ஆக்சிஜன் மிஷின் வாங்கிட்டோம்.

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். எம்.என்.டி-யில் நுரையீரல் நன்றாக இருக்கிறது, அதை விரிக்கும் தசைதான் தளர்கிறது. கெட்ட காற்று வெளியே போகாமல் தேங்குகிறது. வெறும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் விரல் மிஷினில் எண் அழகாகக் காட்டும், உள்ளே கரியமில வாயு ஏறி ஆள் மயங்கிப்போவார். வேண்டியது பைபாப், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. சரியான நேரத்தில் தொடங்கினால் மாத்திரையைவிட இதுதான் ஆயுளை அதிகம் கூட்டுகிறது, தூக்கத்தையும் திருப்பிக் கொடுக்கிறது.

சரியான நேரம் எப்படித் தெரியும்? மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை கூடிக்கொண்டே போகும். காலையில் தலைவலியோடு எழுவார். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார். இருமல் பலம் இல்லாமல் இருக்கும். இவை பலக்குறைவு தொடங்கிய முதல் ஆண்டிலேயே வரலாம்.

மலைமேல் இருப்பவர்கள் இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்னால் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மரம் விழுந்தால் கரண்ட் வர நாளாகும்.

பேச்சு போயிடுச்சு. கண்ணு மட்டும் அசையுது. எப்படிப் பேசுறது?

பேச்சு போவதற்கு முன்பே குரலைப் பதிந்து வையுங்கள்: பேரன் பேத்தி பெயர், 'தண்ணி', 'திருப்பிப் படுக்க வை', 'வலிக்குது', பாட்டு, திட்டு எல்லாம்.

போன பிறகு ஓர் அட்டை போதும். ஆங்கில எழுத்து அட்டையை வாங்கிக் கொடுத்துத் திண்டாட வேண்டாம். தமிழுக்கு 247 எழுத்தையும் எழுத வேண்டியதில்லை. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு என்று மூன்று வரிசை, கீழே உயிரெழுத்து ஒரு வரிசை. நீங்கள் வரிசையைச் சொல்லுங்கள், அவர் கண் சிமிட்டினால் அந்த வரிசையில் எழுத்து எழுத்தாகப் போங்கள், மறுபடி சிமிட்டினால் அந்த மெய். பிறகு உயிர். 'ப்', 'ஆ' சேர்ந்தால் 'பா'. இரண்டு மூன்று நாளில் வீட்டுப் பிள்ளைகள் அட்டையைப் பார்க்காமலே பிடித்துவிடுவார்கள். மெய்யின் புள்ளியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பாதிச் சொல்லிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

அப்பாகிட்ட நோய்ப் பேரைச் சொல்லாதீங்க டாக்டர்.

அன்பில்தான் கேட்கிறீர்கள். ஆனால் அவர் கை விழுவது அவருக்குத் தெரியாதா? எல்லோரும் மறைக்கிறார்கள் என்பதும் தெரியும், அதனால் பேச ஆளில்லாமல் தனியே இருப்பார். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், அவர் கேட்கும் அளவுக்கு, கேட்கும் நேரத்தில் சொல்லலாம். நாங்களும் கூட இருப்போம்.

சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொண்டையில் துளை போட்டு வென்டிலேட்டரில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிர் இருக்கும், உடம்பு அசையாது. அது வேண்டுமா வேண்டாமா என்பது அவர் முடிவு. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரி போதும். பேச்சு இருக்கும்போதே கேளுங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவில் நின்றுகொண்டு மூத்த மகனும் இளைய மகனும் சண்டை போடும் நிலைமை வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வருமா? தொட்டா ஒட்டுமா?

ஒட்டாது. பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. அண்ணன் தம்பி, அப்பா, அத்தை என்று இரத்த உறவில் இரண்டாவது ஆளுக்கு இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும். கல்யாணம் பேசும் இடத்தில் இதைக் காரணமாகச் சொல்லி ஒரு பெண்ணைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

எந்தப் பக்கம் போறது, மதுரையா கோட்டயமா?

முதல் பரிசோதனைக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி, எது பக்கமோ அது. உறுதி செய்ய வேண்டிய சிக்கலான நோய்க்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் பெங்களூர் நிம்ஹான்ஸும் இருக்கின்றன. ஒரு தடவை அங்கே போய் முடிவு தெரிந்துகொண்டு, தொடர்ந்து பார்ப்பதை வீட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் நோயாளியை இரவு பஸ்ஸில் குலுக்கிக் கொண்டுபோக வேண்டாம்.

மலைமேல் கேரள முகவரி இருந்தால் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார், ஆஷா ஊழியரிடம் பெயர் கொடுங்கள். கீழே தமிழ்நாட்டு முகவரி என்றால் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டில் கிடைக்கும். ரேஷன் அட்டை கீழே, வேலையும் வாசமும் மேலே என்று இருப்பவர்கள் நோயாளி எங்கே படுக்கப் போகிறார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், காப்பீடும் உதவித்தொகையும் முகவரியைப் பொறுத்தவை. நாட்பட்ட நரம்பியல் நோய் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது, நடக்கும் நிலையில் இருக்கும்போதே அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

வரும்போது பழைய ஸ்கேன் படங்கள் (அறிக்கை மட்டும் போதாது), சாப்பிடும் எல்லா மாத்திரைகள், நோய் தொடங்கிய மாதம், ஒரு வருடத்துக்கு முன் எடுத்த கல்யாண போட்டோ ஒன்று. கன்னமும் கையும் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பதை அந்த போட்டோவில் பார்த்துவிடுவோம். கூட வருகிறவர் தினமும் சோறு ஊட்டும் ஆளாக இருக்கட்டும்.